டிக்கிக்குப் போகாத வயர்

உக்கடத்தைத் தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் கடை. காருக்கு சீட் கவர் தைப்பது, மேட் போடுவது, ஸ்பீக்கர் வைப்பது, அலாரம் மாட்டுவது எல்லாம் உண்டு. தையல் வேலை என் வீட்டுக்காரருடையது. வயர் வேலை என்னுடையது. புதிதாக வருகிறவர்கள் முதலில் என் தலைக்கு மேலே எட்டி உள்ளே பார்ப்பார்கள்.

"ஏனுங்க அம்மணி, ஆளு இல்லீங்களா?"

"நான்தானுங்க ஆளு."

அதற்குப் பிறகும் நம்பாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வேலை முடிகிறவரை என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே, வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் லேம்பை நான் கொஞ்சம் ஸ்டைலாகப் பிடிப்பேன்.

இந்த வேலை என் கைக்கு வந்ததில் பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரருக்குப் பச்சை நிறமும் பழுப்பு நிறமும் ஒன்றுபோலத் தெரியும். அது எங்கள் இருவருக்குமே கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது அவர்தான் இரண்டு வேலையையும் பார்த்தார். ஒருமுறை ஒரு காரின் நான்கு கதவுகளுக்கும் சென்டர் லாக் போட்டார். டிரைவர் கதவில் சாவியைத் திருப்பியதும் மூன்று கதவுகள் பூட்டிக்கொண்டன, ஒன்று திறந்துகொண்டது. எதிர்ப்பக்கம் திருப்பினால் அந்த மூன்றும் திறந்து, இது மட்டும் பூட்டிக்கொண்டது. கதவுக்குள் இருக்கிற குட்டி மோட்டாருக்கு இரண்டு வயர் போகும். அவற்றை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார். கார்க்காரர் டீ குடிக்கப் போனதும், "ஏனுங்க, இது பச்சை, அது பழுப்புங்க" என்றேன். அவர் வயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எலக்ட்ரிகலில் டிப்ளமோ முடித்துவிட்டு, கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்திருந்தேன்.

அப்படிப் படுக்க ஆரம்பித்த பிறகு எனக்குத் தலைக்கனமும் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலாரத்தைக் காரின் பூட்டோடு சேர்ப்பது கொஞ்சம் நுணுக்கமான வேலை. கார் கம்பெனிக்காரன் செய்த பூட்டு ஒரு குடும்பம், வெளியில் வாங்குகிற அலாரம் இன்னொரு குடும்பம். ஒரு காரில் பூட்டுவதற்கு மைனஸ் கொடுக்க வேண்டும். இன்னொரு காரில் ப்ளஸ் கொடுக்க வேண்டும். சில கார்களில் இரண்டையும் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்காமல் கொள்ளாமல் வயரைச் சேர்த்தால் பியூஸ் போகும், நம் நேரம் சரியில்லை என்றால் கன்ட்ரோல் பெட்டியே போகும். இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை யார் கேட்டாலும் சொன்னேன். கேட்காவிட்டாலும் சொன்னேன். காய்கறிக்காரரிடம் ரிலே எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியிருக்கிறேன். அவர் கொத்தமல்லியைச் சும்மா கொடுத்து அனுப்பிவைத்தார்.

நான் காருக்கடியில் படுக்கிறேன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் பலபேருக்குத் தூக்கம் போய்விட்டது. "பொம்பளைப் புள்ள நடுரோட்டுல மல்லாந்து கெடக்குது" என்று எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் பேச்சு. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் என் அண்ணன் மட்டும் ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் மண்டி வேனை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"இதுக்கு ஒரு ஹாரன் மாட்டு அம்மணி" என்றார்.

அந்த வேனில் ஏற்கெனவே இரண்டு ஹாரன் இருந்தன. மூன்றாவதை மாட்டினேன். அவர் மேட்டுப்பாளையம் வரைக்கும் அதை அடித்துக்கொண்டே போனதாகக் கேள்வி. அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அண்ணன் இல்லாதபோதுதான் பேசினார்கள்.

அந்த அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு கிணத்துக்கடவில். தென்னந்தோப்புக்காரர்கள். கல்யாணத்தை முன்னிட்டு அண்ணன் புதுக்கார் எடுத்தார். பின்னால் பெரிய டிக்கி வைத்த உயரமான கார். சென்டர் லாக் கம்பெனியிலேயே வந்திருந்தது, ரிமோட்டும் அலாரமும் வரவில்லை. ஷோரூமில் போட்டுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் மறுத்துவிட்டார். "என் தங்கச்சி போடுவா" என்று சொல்லி நம்பர் பிளேட்கூட மாட்டாமல் நேராக என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினார்.

உக்கடத்தில் எங்களுக்கு அலாரம் சப்ளை செய்கிற பாயிடம், இருப்பதிலேயே நல்லதைக் கொடுக்கச் சொன்னேன். அவர் கொடுத்தது ஒரு ராட்சசன். காரைத் தட்டினால் முதலில் சின்னதாக எச்சரிக்கும், மறுபடி தட்டினால் ஆறுவிதக் குரலில் அலறும். சைரனுக்குள்ளேயே தனி பேட்டரி. வயரை வெட்டினாலும் நிற்காது. சைரனை பானெட்டுக்குள், யார் கையும் சுலபமாகப் போகாத ஆழத்தில் மாட்டினேன். லாக் வயரைக் கண்டுபிடித்தேன், மைனஸ் கொடுத்தேன், நான்கு கதவும் ஒரே சத்தத்தில் பூட்டின. அந்தச் சத்தம் இருக்கிறதே, எனக்கு அது சங்கீதம். அண்ணன் கையில் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன்.

"அண்ணா, இந்தக் காரைச் செஞ்சவனே வந்தாலும் இனி தொறக்க முடியாதுங்க."

"நீ தொறப்பியா?"

"நானே நெனச்சாலும் முடியாதுங்கண்ணா" என்றேன், போனைப் பார்த்துக்கொண்டு.

அந்த அலாரத்தில் ஒரு வசதி உண்டு. ரிமோட்டை அமுக்கித் திறந்த பிறகு கொஞ்ச நேரத்துக்குள் கதவு எதுவும் திறக்கவில்லை என்றால், பாக்கெட்டில் தெரியாமல் கை பட்டுவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். தானாகவே எல்லாவற்றையும் மறுபடி பூட்டிவிடும். கதவு திறந்ததா இல்லையா என்பதை அலாரத்துக்குச் சொல்வது, காருக்குள் விளக்கை எரியவைக்கிற வயர். பெரும்பாலான கார்களில் நான்கு கதவும் டிக்கியும் அந்த ஒரே வயரில் வந்து சேரும். இந்தக் காரில் டிக்கிக்குத் தனி வயர். நான் நான்கு கதவையும் திறந்து மூடிச் சோதித்தேன். டிக்கியைச் சோதிக்கவில்லை. அதற்குள் வீடியோவில் என் முகம் சரியாக விழவில்லை என்று இரண்டாவது தடவை பேசிக்கொண்டிருந்தேன்.

ஆக, டிக்கி திறந்தால் அந்த அலாரத்துக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முதல் நாளே மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் எல்லோரும் கிணத்துக்கடவு மண்டபத்துக்குப் போய்விட்டோம். ராத்திரிச் சாப்பாட்டுப் பந்தியில் பெண்ணின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க என்ன பண்றீங்க?" என்று மரியாதைக்காகக் கேட்டார். ரசம் வருவதற்குள் அவருக்கு மைனஸ் டிரிக்கர், ப்ளஸ் டிரிக்கர் இரண்டும் தெரிந்துவிட்டன. தயிர் வந்தபோது, "உங்க சம்பந்தி காரைத் தொறக்க ஒருத்தன் பொறந்து வரோணுமுங்க" என்று முடித்தேன். அவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டு, "அப்படீங்களா" என்றார்.

காலையில் சீர்கள் ஆரம்பித்தன. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அருமைக்காரர் என்று ஒரு பெரியவர் இருந்து ஒவ்வொரு சீராக நடத்திவைப்பார். அவர் மேடையிலிருந்து, "கூறைச்சேலைத் தட்டைக் கொண்டாந்து வையுங்க" என்றார். தாலி கட்டும்போது பெண் உடுத்துகிற கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துவருவது. தாலியும் அதே தட்டில்தான் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டையும் அண்ணன் காரிலேயே வைத்திருந்தார். உலகத்திலேயே பத்திரமான கார் அது என்று அவருக்குச் சொன்னது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அண்ணன் போனவர் திரும்பி வந்தார். கையில் தட்டு இல்லை. ஜிப்பா பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார், வேட்டி மடிப்பைத் தடவினார், என்னைப் பார்த்தார்.

"அம்மணி, கொஞ்சம் வெளிய வா."

"என்னங்கண்ணா?"

"சாவி உள்ள இருக்குது."

"எதுக்குள்ளங்கண்ணா?"

"டிக்கிக்குள்ள. சேலை மேல."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் காதைப் பிடித்துத் திருகவேண்டும்போல இருக்கிறது. "அதெப்படிங்கண்ணா பூட்டும்? வேற எங்கியாச்சும் வெச்சிருப்பீங்க" என்று சொல்லிக்கொண்டே போய்ப் பின்கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன்.

தட்டில் சிவப்புச் சேலை. அதன் மேல் தாலிப் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் சாவிக்கொத்து, ரிமோட்டோடு.

நடந்தது இதுதான். அண்ணன் ரிமோட்டை அமுக்கி டிக்கியைத் திறந்திருக்கிறார். தட்டுக்கு முன்னால் பழக்கூடைகள் மறித்துக்கொண்டிருந்ததால், சாவியைச் சேலை மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கூடைகளை நகர்த்தியிருக்கிறார். அதற்குள் யாரோ பெரிய மனிதர் காரில் வந்து இறங்க, வரவேற்கப் போக வேண்டியதாகிவிட்டது. தாலியைத் திறந்துபோட்டுவிட்டுப் போகலாமா என்று டிக்கியை நன்றாக அறைந்து சாத்தியிருக்கிறார். கதவு எதுவும் திறக்கவில்லை என்று நினைத்த அலாரம் அதற்கு முன்பே பூட்டியிருந்தது. உள்ளே டேஷ்போர்டில் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. திருடனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நான் தேடித் தேடி இடம் பார்த்து வைத்த விளக்கு.

"இன்னொரு சாவி எங்கிங்கண்ணா?"

"ஊட்டுல. பீரோவுல."

வீடு மேட்டுப்பாளையத்தில். கோயமுத்தூரைக் கடந்து போய்த் திரும்பி வருவதற்குள் முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, மண்டபத்தைக் கழுவிவிட்டிருப்பார்கள்.

"இன்னொரு ரிமோட்டு?"

அண்ணன் என்னையே பார்த்தார். எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. காரை ஒப்படைத்தபோது இரண்டாவது ரிமோட்டைத் தொலைந்துபோகாமல் இருக்க நான்தான் ஓரிடத்தில் வைத்தேன். அந்தக் காரின் டேஷ்போர்டு டப்பாவுக்குள்.

மண்டப மேனேஜர் மேசையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துவந்தேன். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் விட்டு நெம்பலாம் என்று எண்ணம். ஸ்கேல் பட்டதும் கார் 'க்விக்' என்று எச்சரித்தது. கொஞ்சம் அழுத்தினேன். ராட்சசன் விழித்துக்கொண்டான்.

முதல் குரல் ஆம்புலன்ஸ். மண்டபத்துக்குள் நாதஸ்வரம் நின்றது. இரண்டாவது குரல் போலீஸ் வண்டி. மூன்றாவது குரலுக்குப் பெயர் தெரியாது, கோழியின் கழுத்தைத் திருகினால் வருமே, அது. நல்ல காரியம் நடக்கும் இடத்தில் அபசகுனமான சத்தம் காதில் விழக்கூடாது இல்லையா? அருமைக்காரர் பதறிப்போய் மேளக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். கெட்டிமேளம் முழங்கியது.

கெட்டிமேளம் கேட்டால் கூட்டம் என்ன செய்யும்? கேமராக்காரர்கள் மறைத்துக்கொண்டு நின்றதால் மேடையில் என்ன நடக்கிறது என்று பாதிப்பேருக்குத் தெரியாது. தாலி ஏறிவிட்டது என்று நினைத்து மஞ்சள் அரிசியை அள்ளி வீசினார்கள். என் அண்ணன் மகன் மட்டும் தனியாக உட்கார்ந்து தலையில் அரிசியை வாங்கிக்கொண்டான்.

சைரன் தானாக ஓய்ந்தது. கெட்டிமேளமும் ஓய்ந்தது. நான் மறுபடி ஸ்கேலை விட்டேன். மறுபடி சைரன், மறுபடி கெட்டிமேளம், மறுபடி அரிசி. அன்றைக்கு அந்த மாப்பிள்ளைக்கு எத்தனை கல்யாணம் ஆனது என்று எனக்குத் தெரியாது. வந்தவர்கள் கையிலிருந்த அரிசி தீர்ந்துபோய், சமையல்கட்டிலிருந்து கொண்டுவந்து மஞ்சள் கலக்கிக் கொடுத்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள்.

முதலில் சத்தத்தை நிறுத்துவோம் என்று முடிவு செய்தேன். பானெட்டைத் திறக்கிற லீவர் காருக்குள் இருந்தது. அதனால் பந்தல்காரரிடம் கட்டிங் பிளேயர் வாங்கிக்கொண்டு, பட்டுச்சேலையைச் சுருட்டிச் சொருகிக்கொண்டு, காரின் முன்பக்கத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து உள்ளே போனேன். கை சைரனை எட்டவில்லை. யார் கையும் எட்டக்கூடாது என்றுதானே அங்கே வைத்தேன். அதற்குக் கரண்ட் போகிற வயர் மட்டும் எட்டியது. வெட்டினேன். உள்ளே இருந்த தனி பேட்டரி தன் கடமையைச் செய்தது. இந்தமுறை ஆறு குரலும் முழுசாக, மூச்சு விடாமல்.

அந்த நேரத்தில் யாரோ என் கொலுசுக்காலைப் பிடித்து இழுத்தார்கள்.

"யாரும்மா நீ? கல்யாண ஊட்டு வண்டியில வயரைப் புடுங்கற?"

வெளியே வந்து பார்த்தால் ஆஜானுபாகுவாக ஒருவர். பெண்ணின் தாய்மாமன். அப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம்.

"நான் மாப்பிள்ளைக்கு அத்தைங்க."

"அத்தை எதுக்கு வண்டிக்கடியில படுக்கறா?"

"இந்த அலாரத்தைப் போட்டவளுங்க நானு."

"போட்டவ எதுக்கு வெட்டறா?"

நியாயமான கேள்வி. கன்னத்தில் கிரீஸ், கையில் பிளேயர், சுருட்டிச் சொருகிய பட்டுச்சேலை. என்னை நானே பார்த்திருந்தால் நானும் போலீசுக்குத்தான் போன் செய்திருப்பேன். அண்ணன் ஓடிவந்து, "தங்கச்சிங்க, என் தங்கச்சிங்க" என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் அவர் என் காலை விட்டார்.

உக்கடத்துப் பாய்க்குப் போன் போட்டேன். சைரன் சத்தத்தில் நான் சொன்னது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"பாய், இதை வெளிய இருந்து ஆஃப் பண்ண வழி இருக்குதுங்களா?"

"அக்கா, அதுக்கு ஒரு ரகசிய பட்டன் கொடுத்திருக்குமே. எங்க வெச்சீங்க?"

"டிரைவர் சீட்டுக்கு அடியில."

"அப்ப உள்ள போனாத்தான் உண்டுங்க. வழி இருந்திருந்தா அந்த மாடலை உங்களுக்குக் குடுத்திருப்பனா? கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும், துவா பண்றேனுங்க" என்று வைத்துவிட்டார்.

முகூர்த்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதுவரைக்கும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்கதவை ஒட்டியிருந்த சின்னக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

"இதை ஒடைச்சரலாம். சின்னது. சில்லு தெறிக்காம நான் டேப் ஒட்டிப்போடறேன்" என்றார்.

"புதுக்காருங்க மாப்ளை" என்றார் அண்ணன். குரல் உடைந்திருந்தது. கண்ணாடிக்கு முன்னாலேயே அவர் குரல் உடைந்துவிட்டது.

டேப் ஒட்டி முடித்தாகிவிட்டது. ஆனால் கல்யாண வீட்டில், மாப்பிள்ளையின் காரைக் கல்லால் அடிக்க யாருக்கும் கை வரவில்லை. தாய்மாமன்தான் ஒரு யோசனை சொன்னார். "கல்லு வேண்டாமுங்க. தேங்காய்ல அடிங்க. சகுனத்துக்கும் நல்லது." தென்னந்தோப்புக்காரர் அல்லவா, தேங்காயால் முடியாத காரியம் உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. வாசலில் குவித்திருந்ததில் நல்ல முற்றலாக ஒன்றை எடுத்து, கையைப் பின்னால் கொண்டுபோய் ஓங்கி அடித்தார். தேங்காய் அழகாக, சரிபாதியாக உடைந்தது. தண்ணீர் முழுவதும் என் முகத்தில். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"ரெண்டும் சரிபாதி. நல்ல சகுனமுங்க" என்றார் பின்னால் ஒருவர்.

அப்போது கூட்டம் விலகியது. மணப்பெண் வந்து நின்றாள். சீர்ச்சேலையில், தலை நிறையப் பூவோடு. அவளைத் தடுத்துக்கொண்டே பின்னால் வந்த அவள் அம்மாவையும் பார்த்தேன், அதனால் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். முந்தின ராத்திரி ரசத்துக்கும் தயிருக்கும் நடுவில் பேசியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

பெண் காரைப் பார்த்தாள். தேங்காயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அத்தை, சேலை இதுக்குள்ளதானுங்களே இருக்குது?"

"ஆமாங்கண்ணு."

"அப்பறம் எதுக்கு யோசிக்கிறீங்க? ஒடைங்க. கண்ணாடி நாளைக்கு வாங்கிக்கலாம்."

இதைச் சொன்னபோது அவள் முகத்தில் கோபம் துளியும் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது மூக்கு நுனியில் தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. சுற்றுச்சுவர் ஓரத்தில் கிடந்த கல்லை நானே எடுத்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு காரின் பெயின்ட்டில் நகம்கூடப் பட விட்டதில்லை நான். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். கண்ணாடி பொலபொலவென்று டேப்போடு உள்ளே சரிந்தது.

அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டுக் கதவைத் திறந்தேன். ஆனால் சத்தம் நிற்க ரிமோட் வேண்டும். முன்னால் டப்பாவில் இருந்த ரிமோட்டும் சீட்டுக்கடியில் இருந்த பட்டனும் அந்தப் பதற்றத்தில் ஞாபகம் வரவில்லை, கண்ணில் பட்டது டிக்கியில் கிடந்த ரிமோட்தான். பின்சீட் மேல் ஏறி, தலைகீழாக டிக்கிப் பக்கம் தொங்கி, பழக்கூடைகளுக்கு மேல் கையை நீட்டிச் சாவியை எட்டிப் பிடித்தேன். என் பாதி உடம்பு காருக்குள், மீதி வெளியே. வெளியே இருந்த மீதியைத்தான் வீடியோக்காரர் அக்கறையாகப் படம் பிடித்திருக்கிறார். ரிமோட்டை அமுக்கினேன். ராட்சசன் ஐந்தாவது குரலின் நடுவில் நின்றான். அந்த அமைதியில் மண்டபத்துக்குள் அருமைக்காரர், "இப்பவாச்சும் கொண்டாங்க சாமி" என்று கெஞ்சுவது தெளிவாகக் கேட்டது.

அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெண் சேலை மாற்றப் போனாள். முகூர்த்தம் தப்பவில்லை. தாலி கட்டியபோது கெட்டிமேளம் முழங்கியது. ஆனால் இந்தமுறை யாரும் நம்பவில்லை. "மறுபடியும் கார் கத்துதாட்டம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நின்றவர்கள் கை காட்டிய பிறகுதான் இருக்கிற அரிசியைத் தேடினார்கள்.

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு, கூட்டம் குறையட்டும் என்று பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றேன். கடைசிப் பந்தியில் போய் ஓரமாக உட்கார்ந்தேன். பெண்ணின் அம்மா வந்து என் இலைக்கு அவரே பாயசம் ஊற்றினார்.

"தொறக்கறதுக்கு ஒருத்தர் பொறந்து வரோணும்னீங்க. நீங்களே பொறந்து வந்துட்டீங்க" என்றார். அதை அவர் சிரிக்காமல் சொன்னார். எனக்குப் பாயசம் மூக்கில் ஏறியது. அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

பந்தி முடிந்து வெளியே வந்தால், பெண்ணின் தாய்மாமன் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். "தங்கச்சின்னு பார்க்காதீங்க. இனிமேல் இந்த வேலைக்கெல்லாம் ஒரு நல்ல ஆளாப் பார்த்து உடுங்க." எனக்கு அங்கேயே தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. கண்ணாடி உடைந்த பிறகு அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "நல்ல ஆளுதானுங்க அவ. இத்தனை பேரு நின்னோமே, தேங்காய்கூட எடுத்து அடிச்சோமே, தொறக்க முடிஞ்சுதுங்களா? நானே சாவியை உள்ள போட்டுப் பூட்டினா அவ என்ன பண்ணுவா?"

அது பொய். தப்பு என்னுடையது என்று அவருக்கும் தெரியும், காலையிலேயே டிக்கி வயரைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தேன். தாய்மாமன் காரின் பானெட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏனுங்க அம்மணி, அந்தச் சைரனை மட்டும் தேங்காய்க் குடோனுக்கு மாட்டித்தர முடியுங்களா?" என்றார்.

உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக என் வீட்டுக்காரர், கடையில் மிச்சமிருந்த ரெக்சினை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். பழுப்பு நிறம் என்று நினைத்து எடுத்தாராம். பச்சை. பளபளக்கிற வெள்ளைக் காரின் பக்கவாட்டில் பச்சை ரெக்சின் படபடக்க, புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு, விருந்து என்று ஜில்லா முழுக்கச் சுற்றி வந்தார்கள். கண்ணாடி வந்து சேர்ந்த அன்றைக்கே டிக்கி வயரைக் கண்டுபிடித்து அலாரத்தோடு சேர்த்தேன். டிக்கியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன், மூடினேன். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பார்த்தார்.

"வீடியோ எடுக்கட்டுமா அம்மணி?" என்றார்.

"வேண்டாமுங்கண்ணா."

அவர் காபி டம்ளரை வைத்துவிட்டு, சட்டையைக் கொஞ்சம் தூக்கினார். சாவிக்கொத்து, ரிமோட்டோடு சேர்த்து, அரைஞாண் கயிற்றில் கட்டித் தொங்கியது. அதை அவிழ்க்காமலே காரின் பக்கத்தில் போய் நின்று இடுப்பைத் திருப்பி அமுக்கினார். பூட்டு திறந்தது. அப்படியே ஏறி உட்கார்ந்து, சாவி எட்டவில்லை என்று தெரிந்ததும் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. நான் பிளேயரை எடுத்துக்கொண்டு போனேன்.

"வெட்டிப்போடாத, வெட்டிப்போடாத" என்று அலறினார் அண்ணன்.